17 வயதுத் தம்பிக்கு மார்பில் அறுவை சிகிச்சை: அவன் தயாரா என்பதை எப்படி அறிவது?

செம்மண்டலத்து அக்கா, கடலூர்:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். வரும் ஐப்பசியில் அவனுக்கு 18 வயது நிறைகிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதே அவனுடைய மார்பு இருபுறமும் புடைக்கத் தொடங்கியது. வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் சரியாகவில்லை. அக்கினி நட்சத்திரத்திலும் இறுக்கமான பனியன், அதன்மேல் டி-சர்ட், அதற்கும் மேல் தொளதொளவென்று ஒரு சட்டை போடாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை. தை அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தபோது, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி ஐயர் இருமுறை சொல்லியும் கேளாமல், அதைத் தோளைச் சுற்றிப் போர்த்தியபடியே எள்ளும் தண்ணீரும் விட்டான். அவனுடைய இடக்கை கடைசிவரை துண்டின் முனையை விடவே இல்லை.

கல்லூரி விடுதிக்குப் போவதற்குள் அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்று இப்போது பிடிவாதமாக இருக்கிறான். புதுச்சேரியில் ஓர் அழகு சிகிச்சை மையத்தை அவனே தொலைபேசியில் விசாரித்திருக்கிறான். நேரில் பார்க்காமலேயே, "திங்கட்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகலாம், பணத்தைத் தவணையில் கட்டலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ, "ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு குறையா" என்று பேச்சை முடித்துவிடுகிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

எந்த மருத்துவரிடம் போவது என்பதைவிட, இதற்கு அவன் மனத்தளவில் தயாராக இருக்கிறானா என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்பதே என் கேள்வி. போன வாரம் கண்ணாடி முன் நின்றுகொண்டு, தாடையும் சரியில்லை என்றான். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்ததைத் தேடத் தொடங்கிவிடுவானோ என்று அச்சமாக இருக்கிறது.

கோரிமேட்டு மருத்துவர்:

சகோதரி, நான் புதுச்சேரியில் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் பணிபுரிகிறேன். தம்பியை நேரில் பரிசோதிக்காமல் அவருக்கு அறுவை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல இயலாது. தொலைபேசியிலேயே நாள் குறித்தவர்களைப் பற்றி இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

மனத்துக்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். இதற்குக் கைனகோமாஸ்டியா என்று பெயர். பருவ வயதில் ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. பெரும்பாலோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுகளுக்குள் தானாகவே வடிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் உள்ளே இருக்கும் சுரப்பித் திசு நார்போல இறுகிவிடுவதால், மாத்திரையாலோ களிம்பாலோ கரைவது அரிது. ஆனால் அங்கே இருப்பது சுரப்பியா, வெறும் கொழுப்பா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்தும் உறுதிசெய்ய வேண்டும். தைராய்டு, கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகள், விதைப்பையில் கட்டி, பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவற்றாலும், சில மருந்துகளாலும் இது வரக்கூடும் என்பதால், ஹார்மோன் பரிசோதனையும் விதைப்பைப் பரிசோதனையும் செய்யாமல் யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தார்களா என்பதைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டும் ஒரு காரணம்.

அறுவையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்விளிம்பில் சிறு வெட்டுப் போட்டுச் சுரப்பியை அகற்றுகிறோம். உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளலாம், இரு பக்கமும் சமமாக அமையாமல் போகலாம், காம்பில் உணர்ச்சி குறையலாம், அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் அந்த இடம் பள்ளமாகிவிடலாம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட தோளிலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் கெலாய்டு தழும்பு நம் மக்களிடையே அரிதான ஒன்றல்ல.

தயார்நிலையைப் பற்றி நான் கவனிப்பது இதுதான்: மேலே சொன்ன குறைகளில் ஒன்று வந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்று யோசித்துச் சொல்பவர் தயாராக இருக்கிறார், அவற்றைச் சொல்லும்போது காதில் வாங்காமல், எந்தத் தேதி கிடைக்கும் என்று மட்டும் கேட்பவர் இன்னும் தயாராகவில்லை. 18 வயது நிறையும்வரை அம்மாவின் கையெழுத்து இல்லாமல் அறுவை செய்ய முடியாது. அதை ஒரு தடையாக நினைக்காமல் யோசிப்பதற்குக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பத்தான்:

எனக்கு இதே அறுவை கல்லூரி முடித்த பிறகு நடந்தது. செய்துகொண்டதில் எனக்கு நிறைவுதான், ஆகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விளம்பரங்களில் காணாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் இறுக்கமான அழுத்த பனியன் போட்டிருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரப்பதத்தில் அதன் அடியில் வேர்க்குரு வந்து, இரவெல்லாம் சொறியவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடந்தேன். வலப்பக்கம் நீர் கோத்துக்கொண்டதால் ஊசி வைத்து எடுத்தார்கள். முதல் மாதத்தில் வீக்கத்தோடு கண்ணாடியில் பார்த்தபோது, பணமும் போய் உடம்பும் கெட்டதோ என்று கலங்கினேன். உண்மையான வடிவம் தெரியவே மாதங்கள் ஆயின. காப்பீட்டு நிறுவனம் இது அழகுக்கான அறுவை என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. மார்பு தட்டையான பிறகும் என் கூன் நிமிரவில்லை. பள்ளி நாளிலிருந்து தோளை முன்னால் குறுக்கி, புத்தகப் பையை மார்போடு அணைத்து நடந்து பழகிய உடம்பு, மறைக்க ஒன்றும் இல்லாதபோதும் மறைத்துக்கொண்டே இருந்தது. தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று கை தானாக மேலே போகும். அது போக நெடுநாள் ஆயிற்று. விடுதியில் முதல் நாளே சட்டையைக் கழற்றிவிட்டுத் திரியலாம் என்று தம்பி எண்ணியிருந்தால், அது அப்படி நடக்காது என்பதை யாராவது அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வில்லியனூர் வாசி:

அம்மா, என் கருத்தைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2024 ஏப்ரலில் நம் புதுச்சேரிப் பையன் ஒருவன் சென்னைப் புறநகரில் உடல் எடையைக் குறைக்கும் அறுவைக்குப் போய் உயிரையே விட்டான். நோயே இல்லாத உடம்பில் கத்தி வைப்பானேன்? அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுத்து நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

கோரிமேட்டு மருத்துவர்:

ஐயா, அது வயிற்றில் செய்யும் பேரியாட்ரிக் அறுவை. இதுவும் அதுவும் வேறு. இருந்தாலும் அந்தச் சாவு எழுப்பிய கேள்விகள் இங்கேயும் பொருந்தும். மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவர் முழுநேரமும் அருகில் இருப்பாரா, நெருக்கடி நேர்ந்தால் அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்புப் பட்டம் முடித்தவரா என்பவற்றைக் கேட்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். அந்தக் காலத்தில் நன்றாக வாழ்ந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அவர்களில் எத்தனை பேர் குளத்தில் இறங்காமலே இருந்தார்கள் என்பதை நாம் யாரும் கேட்டதில்லையே.

லாஸ்பேட்டை ஆற்றுநர்:

மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய தாடையைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். உடம்பில் உண்மையாகவே இருக்கும் ஒரு மாற்றத்துக்காக வெட்கப்படுவதும், பிறர் கண்ணுக்கே தெரியாத குறையை நினைத்து நாள்தோறும் மணிக்கணக்கில் வருந்துவதும் ஒன்றல்ல. பின்னதை உடல் உருவ மாயக்கோளாறு என்கிறோம். அது பெரும்பாலும் விடலைப் பருவத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அறுவை பெரும்பாலும் ஆறுதல் தருவதில்லை. கவலை அதே இடத்தில் தங்கிவிடும், அல்லது மூக்குக்கும் தாடைக்கும் இடம் மாறும். அதற்குச் சிகிச்சை, சிந்தனைப் போக்கை மாற்றும் பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்துகளும்தான்.

ஒருமுறை தாடையைப் பற்றிச் சொன்னதை வைத்து அவனுக்கு அந்தக் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வயதில் கண்ணாடியோடு சண்டை போடாத பிள்ளை ஏது? கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நிற்கிறான், பக்கவாட்டில் படம் எடுத்து எடுத்து அழிக்கிறானா, "அசிங்கமாக இருக்கிறதா" என்று உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானா என்பதைச் சில வாரம் கவனியுங்கள். பிறகு ஒரு நாள், அறிவுரை எதுவும் சொல்லாமல், "அறுவை முடிந்த மறுவருடம் உன்னால் செய்ய முடிகிற, இன்றைக்கு முடியாத ஒன்று என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நீச்சல் குளத்தில் இறங்குவேன், பனியன் இல்லாமல் சட்டை போடுவேன் என்பன போன்ற பதில்கள் கையில் பிடிக்கத்தக்கவை. எல்லோரும் என்னை மதிப்பார்கள், என் வாழ்க்கையே மாறிவிடும் என்றால், அந்தச் சுமையைத் தூக்க எந்த அறுவையாலும் ஆகாது. கேலி செய்தவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறருடைய வாயை அடைப்பதற்காக வெட்டிக்கொள்வதற்கும் தனக்காக வெட்டிக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. நேரில் வரத் தயங்கினால், 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

செம்மண்டலத்து அக்கா, கடலூர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அந்தக் கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தை அமாவாசைக்கு ஐயர் சொல்வதுபோல நிற்பேன்" என்றான். அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் அவரே, முதலில் இரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டுப் பிறகு பேசலாம் என்றார். ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். நெல்லிக்குப்பம் அண்ணன் எழுதியதை அவனிடம் படிக்கக் கொடுத்தபோது, வேர்க்குருவைவிடக் கூனைப் பற்றிய பகுதியைத்தான் இருமுறை படித்தான். ஒரே ஒரு சந்தேகம்: விடுதியில் சேர்ந்த பிறகு, முதல் பருவ விடுமுறையில் அறுவை செய்துகொள்வது சரியாக இருக்குமா?

கோரிமேட்டு மருத்துவர்:

பரிசோதனையில் வேறு நோய் எதுவும் இல்லை என்று உறுதியானால், அதுவே நல்ல காலம். அதற்குள் அவருக்கு 18 வயதும் நிறைந்துவிடும். விடுமுறையின் முதல் நாட்களிலேயே செய்துகொண்டால் வீட்டுச் சாப்பாட்டோடு ஓய்வு கிடைக்கும். அழுத்த பனியனை 4 முதல் 6 வாரம் போட வேண்டியிருக்கும் என்பதால், துவைத்து மாற்ற இரண்டாக வாங்குங்கள். அதே காலத்துக்குப் பளு தூக்குவதும் விளையாட்டும் கூடாது. விடுதி உடற்பயிற்சி ஆசிரியருக்குக் காரணத்தை விவரிக்காமல் மருத்துவர் கடிதம் மட்டும் கொடுத்தால் போதும். அதுவரை அவருடைய உடல் எடை ஏறி இறங்காமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து வாருங்கள்.