அம்மாவின் கைக்கடிகாரம் சொல்லும் 'மன அழுத்தம்': நம்பலாமா?

கேள்வி (கோத்தகிரி மகள்):
என் தாயாருக்கு 67 வயது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர், கோத்தகிரியில் தனியாக வசிக்கிறார். கோவையில் இருக்கும் தம்பி தீபாவளிக்கு அவருக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். நாள்தோறும் காலை ஆறரை மணி வாக்கில் 'மன அழுத்தம் அதிகம்' என்று எங்கள் இருவர் கைபேசிக்கும் அது செய்தி அனுப்புகிறது. அழைத்துக் கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். அவர் எதையோ மறைக்கிறார் என்று தம்பி வருந்துகிறான்; முகத்தைப் பார்த்து மனநிலையைச் சொல்லும் கேமரா ஒன்றை வீட்டில் பொருத்தவும் நினைக்கிறான். எதை நம்புவது?

மறுமொழி (குன்னூர், மருத்துவக் கருவிகள் பழுதுபார்ப்பவர்):
கடிகாரத்தின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் அளவு துடிப்புக்குத் துடிப்பு மாறுவதை மட்டுமே அளக்கிறது. நாம் அமைதியாக இருக்கும்போது இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் சற்றே கூடியும் குறைந்தும் வரும். அந்த ஏற்ற இறக்கம் குறைந்தால், உடல் ஏதோ சுமையில் இருப்பதாகக் கணக்கிட்டு, அதற்கு 'மன அழுத்தம்' என்று பெயரிட்டுவிடுகிறார்கள். அந்தச் சுமை துயரமாக இருக்கலாம். காய்ச்சலாகவோ, தூக்கக் குறைவாகவோ, மேடேறிய களைப்பாகவோ கூட இருக்கலாம். நம் மலையில் இன்னொன்றும் உண்டு: குளிரில் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிக்னல் மங்கும், பட்டையும் தளர்ந்திருந்தால் துடிப்பையே தவறாக எண்ணிவிடும். ஆறரை மணிக்கு அம்மா என்ன செய்கிறார் என்று ஒருநாள் உடனிருந்து பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி (கொடைக்கானல் ஆசிரியை):
கேமராவை வேண்டாம் என்றே சொல்வேன். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் 2019இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை, முகத்தசைகளின் அசைவை மட்டும் கொண்டு ஒருவரின் உணர்வை உறுதியாகக் கூற முடியாது என்று காட்டியது. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்வைக் கணிக்கும் இத்தகைய மென்பொருள்களுக்கு, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை விதித்திருக்கிறது. என் வகுப்பு மாணவன் ஒருவன், தந்தை இறந்து பள்ளிக்குத் திரும்பிய நாளில், யார் பேசினாலும் சிரித்துக்கொண்டே இருந்தான். மாலையில் பையை எடுக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை. அப்போதுதான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

மறுமொழி (கோத்தகிரி மகள்):
இருவருக்கும் நன்றி. சனி, ஞாயிறு அம்மாவுடன் தங்கினேன். விடிந்ததும் குடத்துடன் நாற்பது படி இறங்கி, தெருக்குழாயில் நீர் பிடித்து ஏறி வருகிறார். அதைவிட, பட்டை சில்லென்று இருக்கிறது என்று கடிகாரத்தை ஸ்வெட்டர் கையின் மேல் கட்டியிருந்தார்! பச்சை விளக்கு கம்பளி நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஞாயிறன்று தோலோடு சேர்த்துக் கட்டி, நீர் பிடிக்க நான் போனேன். காலைச் செய்தி வரவில்லை. ஆனால், அன்றிரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அப்பாவின் படத்தைப் பார்த்தபடி அம்மா வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் 'அமைதி' என்று காட்டியது. தம்பியிடம் இதைச் சொன்னேன். கேமராப் பேச்சை விட்டுவிட்டான். இப்போது தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மாவை அழைக்கிறான்.