காட்சி ட்ரக்குக்கு நிறுவன ஆதரவு கேட்டவர்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஹூஸ்டன் வாசி

லாஸ் வேகாசில் ஆண்டுதோறும் நடக்கும் வாகன உதிரிபாக வணிகக் காட்சியான செமாவுக்கு வண்டி கொண்டுபோனவர்கள் இங்கே சிலர் இருப்பதால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். என்னுடையது சில்வராடோ 1500 பிக்கப்; வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், 22 அங்குல வீல், 35 அங்குல டயர், பெயின்ட் முழுவதும் புதிது. நாற்பத்தொரு நிறுவனங்களுக்கு எழுதியதில் மூன்று பதில்கள் வந்தன. அவற்றுள் ஒரு வீல் நிறுவனம் மட்டுமே வீல்களைப் பாதி விலைக்குத் தந்து, லாஸ் வேகாஸ் மாநாட்டு மையத்துக்கு வெளியே தனக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில் என் வண்டியை நிறுத்தவும் கையெழுத்திட்டது.

என்னை இன்றும் உறுத்துவது காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை நடந்தது. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி, அறுபதை நெருங்கியவர், ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். வீலின் நடுமூடியில் அவர்களுடைய சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், என் வண்டிக்கு நான் வைத்திருந்த பெயரின் முதலெழுத்து இருந்தது. நண்பர் ஒருவர் அலுமினியத்தில் கடைந்து கொடுத்த மூடிகள் அவை. அழகாக இருக்கின்றன என்பதற்கு மேல் நான் எதையும் யோசித்திருக்கவில்லை. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய், கால்மணி நேரத்தில் ஒரு காகிதப் பையுடன் திரும்பி வந்தார். என் மூடிகளை நெம்பி எடுத்தார். அவர்களுடையவற்றை வைத்து, உள்ளங்கையால் ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டிப் பொருத்தினார். ‘கொடுங்கள், நான் செய்கிறேன்’ என்றுகூடச் சொல்லத் தோன்றாமல் துணியும் கையுமாக நின்றேன். கடைசியில் என்னுடைய நான்கு மூடிகளையும் அதே பையில் போட்டு நீட்டி, “ஊருக்குப் போன பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

வட கரோலினா வாசி

மேலே எழுதியவர் தம்மை இவ்வளவு நொந்துகொள்ள வேண்டியதில்லை. இலவசமாக வாங்கியிருந்தால் அது வேறு பேச்சு. மீதிப் பாதியைத் தம் கையிலிருந்து கொடுத்தவர் அவர். கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையையே நமக்கும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் நான்கு நாள் விளம்பரமும் வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தின் முன்னால் நாம் ஏன் கூனிக் குறுக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

என் அனுபவம் வேறு விதமானது. எங்கள் பக்கத்தில் வண்டியின் முன்புறத்தை மட்டும் உயர்த்திப் பின்புறத்தைத் தாழ்த்தும் ஸ்குவாட் பாணி எப்படிப் பரவியது என்பதை விளக்கத் தேவையில்லை. என் வண்டியும் அப்படித்தான் நின்றது. 2021ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு ஷாக் அப்சார்பர் நிறுவனத்துக்கு எழுதியபோது, மூன்று படங்களையும் நேர் முன்னாலிருந்து எடுத்து அனுப்பினேன், வேண்டுமென்றேதான். அவர்களிடமிருந்து தொலைபேசி வந்தது. பேசிய பெண்மணி மிகவும் மரியாதையாக, “பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா?” என்று கேட்டார். இன்றிரவே அனுப்புகிறேன் என்றேன்.

எங்கள் மாநிலத்தில் அந்த டிசம்பர் 1 முதல், முன் மட்கார்டின் உயரம் பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ கூடியிருக்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வரவிருந்தது. அன்றிரவு வாசலில் நாடா பிடித்து அளந்தேன். ஏழரை அங்குலம் இருந்தது. குனிந்தும், படுத்தும், மேட்டில் ஏறி நின்றும் இருபது படங்களாவது எடுத்திருப்பேன். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி, “கூடுதலாக இருக்கிற மூன்றரை அங்குலத்தை எந்தப் படத்தில் ஒளிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டாள். படம் அனுப்பவில்லை. பிறகு வண்டியைச் சமமாக்கினேன்; ஆனால் அந்தப் பெண்மணிக்குத் திரும்ப எழுதும் துணிவு வரவில்லை.

ஒன்ராறியோ ஓட்டுநர்

நான் உங்களைப் போலப் பிக்கப் வைத்திருப்பவன் அல்லன். என்னுடையது பீற்றர்பில்ட் 379, சரக்கு இழுக்கும் பெரிய ட்ரக். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மார்ச் மாதத்தில் கென்டக்கியின் லூயிவிலில் நடக்கும் பெரிய ட்ரக் காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையில், குரோம் சாமான்கள் விற்கும் ஒரு கடையிடம் ஆதரவு கேட்டேன். முன் பம்பரும், ஓட்டுநர்கள் சிக்கன் லைட் என்று சொல்லும் சிறு மஞ்சள் விளக்குகளும் தந்தார்கள். இரண்டு கதவுகளிலும் கடையின் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சந்தோஷமாக ஒட்டிக்கொண்டேன்.

ரொறன்ரோவிலிருந்து லூயிவிலுக்கு ஏறக்குறைய 950 கிலோமீற்றர். சும்மா போகக் கட்டுப்படியாகாது என்பதால் லோட் ஏற்றிக்கொண்டே போனேன். ஒகையோவில் எடை நிலையத்தில் மறித்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அதிகாரி கதவைப் பார்த்தார். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். நடத்துகின்ற கம்பனியின் பெயரும், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தரும் டொட் என்ற பதிவு இலக்கமும் பகல் வெளிச்சத்தில் ஐம்பது அடி தள்ளி நின்று வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம் என்று இங்குள்ள ட்ரக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது அடியில் நின்று அவர் உரத்து வாசித்தார். வாசித்தது குரோம் கடையின் பெயரை.

வேறொருவரின் பெயரும் வண்டியில் இருந்தால், ஓட்டும் கம்பனியின் பெயருக்கு முன்னால் ‘இன்னாரால் இயக்கப்படுவது’ என்று எழுதியிருக்க வேண்டுமாம். அந்த ஒரு வரி என்னிடம் இல்லை. குளிரில் விறைத்த விரலால் சாரதிப் பக்கத்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். மற்றப் பக்கத்தை அவர் பெருந்தன்மையாகப் பார்க்காமல் விட்டார். காட்சியில் கடைக்காரர் குடும்பத்தோடு படம் எடுக்க வந்து, சரியாக அந்த வெறும் கதவுக்கு முன்னால்தான் போய் நின்றார்.

கரோலினாத் தம்பிக்கு ஒரு சொல். பாதி விலை பெரிய காரியமல்ல என்று எழுதுகிறீர்கள். அந்தப் பாதியைத் தரவும் நாற்பத்தொரு பேரில் ஒருவர்தானே முன்வந்தார்?

கலிபோர்னியா வாசி

நான் மேசைக்கு மறுபக்கத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தவன். சஸ்பென்ஷன் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் இத்தகைய கடிதங்களைப் படிப்பதே என் வேலையாக இருந்தது. மறக்க முடியாத கடிதம் ஒன்று உண்டு. நான்கு பக்கம், அருமையான வரைபடம், எங்கள் தயாரிப்பைச் சிறு வயதிலிருந்தே நேசிப்பதாக உருக்கமான முடிவுரை. முதல் வரியில் எங்கள் போட்டி நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதை மேலாளரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, “அவர்களுக்குப் போன கடிதத்தில் நம் பெயர் இருக்கும்” என்றார்.

இது தொடர்பாகச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். செமா அடிப்படையில் வணிகர்களுக்கான காட்சி. 1967இல் தொடங்கி, 1977 முதல் லாஸ் வேகாசில் நடக்கிறது. அங்கே உங்கள் வண்டியைச் சுற்றி நடப்பவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்களும் கொள்முதல் செய்பவர்களும்தான். எனவே ‘என் வண்டி அழகானது’ என்று எழுதுவதில் பயனில்லை. எங்கள் பொருள் அந்த வண்டியில் எந்த இடத்தில், எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை எழுதுங்கள். ஷாக் அப்சார்பரை மூடி மறைக்கும் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் கேட்பவர்களை நான் வாரம் ஒருவராகப் பார்த்தேன். காட்சி நவம்பர் முதல் வாரத்தில் என்றால் ஆகஸ்டில் எழுதாதீர்கள். அந்த ஆண்டுக்கான விளம்பரப் பணம் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே பங்கிடப்பட்டிருக்கும். முடிக்காத வண்டி ஒன்று கையில் இருந்தால் அதை முடித்ததாக எழுதாதீர்கள். பணமாகக் கேட்பவருக்கு அனேகமாக எதுவும் கிடைக்காது. முதல் முறை தள்ளுபடி, சொன்னபடி நடந்துகொண்டால் அடுத்த முறை பொருள், அதற்கும் பிறகுதான் பணம் என்பது பொதுவான நடைமுறை. வண்டி அரங்குக்குள் நிற்கப் போகிறதென்றால் கால் தொட்டிக்கு மேல் எரிபொருள் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும் போன்ற தீயணைப்பு விதிகளும் உண்டு; முழுத் தொட்டியோடு வந்து வாசலில் நின்றவரால் எங்கள் அரங்கில் ஒரு நாள் முழுக்க ஓர் இடம் காலியாகக் கிடந்தது.

வரியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விளம்பரம் செய்து தருவதற்கு ஈடாக இலவசமாகப் பெற்ற பொருளின் சந்தை மதிப்பு வருமானமாகக் கணக்கிடப்படும். நான் வேலையில் இருந்தபோது, அது ஆண்டுக்கு 600 டாலரை எட்டினால் அந்த வருமானத்தை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099 படிவத்தை நாங்கள் அனுப்புவோம். ‘இலவச வீலுக்கு எதற்கு வரி’ என்று ஏப்ரலில் தொலைபேசியில் கத்தியவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலையாகவே இருந்தது. சமூக ஊடகத்தில் அந்தப் பொருளைப் புகழும்போது, அதை நிறுவனம் தந்தது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஹூஸ்டன்காரர் விஷயத்தில், மூடியை மாற்றியது தவறுதான். வீலில் நிறுவனத்தின் பெயர் இருக்கும் இடம் அந்த மூடி ஒன்றே. கரோலினாக்காரர் அதை எத்தனை விழுக்காடு என்று கணக்குப் பார்ப்பது பொருத்தமில்லை.

வட கரோலினா வாசி

ஆறு ஆண்டுகள் நிறுவனத்தின் சம்பளம் வாங்கியவர் நிறுவனத்தின் பக்கம் பேசுவதில் வியப்பில்லை. ஒப்பந்தத்தில் நடுமூடி என்ற சொல் இருந்ததா என்பதை ஹூஸ்டன்காரர் இன்னும் சொல்லவில்லை.

ஹூஸ்டன் வாசி

ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இல்லை. நான் வரி பற்றியும் கேட்கவில்லை, யார் பக்கம் நியாயம் என்றும் கேட்கவில்லை. அவர் வயதுக்குத் தரையில் குந்தி உட்கார்ந்து நான்கு சக்கரங்களுக்கும் நகர்ந்து நகர்ந்து போனதைத்தான் எழுதினேன்.

ஜார்ஜியா வாசி

எனக்கு ஆதரவு கிடைத்ததில் சிக்கல் இல்லை, முடிந்ததில்தான். பிக்கப்பின் பின்புறச் சரக்குப் பெட்டிக்கு மூடி செய்யும் ஒரு நிறுவனம் தள்ளுபடி தந்தது. அதற்காக என் சிவப்பு எஃப்-150 வண்டியின் பின்பக்கப் பலகையில் இரண்டடி நீளத்துக்கு அவர்கள் பெயரை ஒட்டினேன். ஓராண்டு ஒப்பந்தம், இரண்டு முறை புதுப்பித்தார்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில், இனி இளைஞர்களின் வண்டிகளில் கவனம் செலுத்தப் போவதாக இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

வண்டியை விற்பதென்று முடிவு செய்து, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி ஸ்டிக்கரை மெதுவாக உரித்தேன். பசையைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று ஆண்டு வெயிலில் சுற்றியிருந்த சிவப்பு வெளுத்திருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த சிவப்பு மட்டும் புதிதாகவே இருந்தது. அவர்கள் பெயர் எழுத்துப் பிசகாமல் அப்படியே நின்றது. இரண்டு நாள் பாலிஷ் போட்டும் போகவில்லை.

வாங்க வந்த பெரியவர் தம் பேரனோடு வந்திருந்தார். அந்தப் பையன் விரலால் தடவித் தடவி ஒவ்வோர் எழுத்தாக வாசித்தான். பெரியவர் என்னைப் பார்த்து, “இவர்கள் உங்களுக்கு எவ்வளவு தந்தார்கள்?” என்று கேட்டார். தொகையைச் சொன்னேன். அவர் பேசாமல், அதைவிடச் சற்றுக் கூடுதலாக விலையில் குறைத்துக் கேட்டார், நானும் கொடுத்துவிட்டேன். அந்த வண்டி இன்றும் எங்கள் ஊரில்தான் ஓடுகிறது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், சிக்னலில் அதன் பின்னால் நின்று அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்திருக்கிறேன்.