தென்பெண்ணையின் மேல்பக்கம் தொழிற்பேட்டை வருகிறது: கீழ்பக்கத்து விவசாயி யாரிடம் சொல்வது?

வர்த்தூர்வாசி:

வணக்கம். பெங்களூரில் வர்த்தூர் ஏரிப் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் இருக்கிறேன். பிறந்த ஊர் ஓசூர் தாண்டி, கெலவரப்பள்ளி அணை வாய்க்கால் பாயும் கிராமம். அப்பா இன்னும் அங்கேதான். இரண்டு ஏக்கரில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் துணி துவைத்த தண்ணீர்தான் அப்பா வயலுக்குப் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள், அங்கிருந்து தென்பெண்ணை, ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் கொடியாளம், கெலவரப்பள்ளி அணை, எங்கள் வாய்க்கால். மழைக்காலத்தில் ஷட்டரைத் திறந்தால் நுரை ஆளுயரம் நிற்கும். சந்தையில் வியாபாரி கொத்தமல்லிக் கட்டை மோந்து பார்த்துவிட்டு "ஆத்துத் தண்ணியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பான். அப்பா போனில் சிரித்துக்கொண்டே கேட்பார்: "இந்த வாரம் என்ன சோப்புப் போட்டீங்கம்மா?"

எங்கள் அபார்ட்மென்டில் எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அதன் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயர் சத்தம் கேட்காது. கரன்ட் பில் மிச்சமாம். சங்கக் கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து கேட்டேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே செயலாளர் லிஃப்டுக்குள் போய்விடுகிறார்.

இப்போது விஷயம். ஆற்றின் மேல்பக்கம், மாநில எல்லையிலிருந்து 25 கி.மீ.க்கு மேல் தள்ளி, ஒரு தொழிற்பேட்டை வரப்போகிறது. மக்கள் கருத்துக்கேட்பு என்று கன்னடப் பேப்பரில் அறிவிப்பு பார்த்தேன். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைச் சுருக்கத்தை எடுத்துப் படித்தேன். ஆய்வுப் பகுதி 10 கி.மீ. ஆரமுள்ள வட்டம். அதற்குள் எத்தனை ஏரி, எத்தனை ஊர், என்னென்ன பறவை என்று எல்லாம் இருக்கிறது. ஆறு மட்டும் வட்டத்தின் விளிம்பில் நீலக் கோடாக வந்து நின்றுவிடுகிறது. கெலவரப்பள்ளியை நம்பி 8,000 ஏக்கர் இருக்கிறது, அந்தப் பெயரே அதில் இல்லை.

அப்பா அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பேச முடியுமா? "தமிழ்நாட்டுக்காரருக்கு இங்கே என்ன வேலை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா?

மண்மாதிரி:

சகோதரி, ஒன்பது வருடம் இந்த மாதிரி அறிக்கைகளுக்கு மண்ணும் தண்ணீரும் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தவன் நான். அந்த 10 கி.மீ. வட்டத்தை நானே பலமுறை போட்டிருக்கிறேன். வட்டத்துக்கு வெளியே போய் மாதிரி எடுத்தால் யார் காசு கொடுப்பார்கள்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான மத்திய அரசின் 2006 அறிவிக்கையில் கருத்துக்கேட்புக்கு இரண்டு கால் உண்டு. ஒன்று நேரில் நடக்கும் கூட்டம், அது பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு. இன்னொன்று எழுத்தில் வரும் கருத்துகள், அதை அக்கறை இருக்கிற வேறு யாரும் அனுப்பலாம். மாநிலம் எது என்று அதில் கேள்வியே இல்லை. அறிவிப்பு வந்ததிலிருந்து குறைந்தது 30 நாள் தருவார்கள். அப்பா எழுதட்டும், பதிவுத் தபாலில் போகட்டும், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தவற விடாதீர்கள். தொழிற்பேட்டைக்கு ஒருமுறை கேட்பு நடந்து அனுமதி வந்துவிட்டால், பிறகு உள்ளே வரும் ஆலைகளுக்குத் தனியாகக் கேட்பு கிடையாது. உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு முறைதான்.

மாநில எல்லை பற்றி விதி இல்லாமல் இல்லை. மாநில அளவில் முடிய வேண்டிய திட்டம் எல்லைக்கு 5 கி.மீ.க்குள் வந்தால் டெல்லியில்தான் பரிசீலிக்க வேண்டும். முதலில் 10 கி.மீ. என்று இருந்தது, 2014-இல் குறைத்தார்கள். வரைபடத்தில் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கிறார்கள், ஆறு எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் 25 கி.மீ.க்கு அந்த விதி உதவாது.

கடிதத்தில் "எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு வரி பதில் போட்டு மூடிவிடுவார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். தண்ணீர் மாதிரி எந்த மாதங்களில் எடுத்தீர்கள்? பொதுவாக மழையில்லாத ஒரு பருவம்தான் எடுப்பார்கள், உங்கள் நுரை வருவதோ மழையில். கொடியாளத்தில் ஏன் எடுக்கவில்லை? பாஸ்பேட், கன உலோகங்கள் பார்த்தீர்களா? "ஒரு சொட்டும் வெளியே விடமாட்டோம்" என்று போட்டிருப்பார்கள், அப்படியென்றால் கனமழையில் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேரும்?

மீறி அனுமதி கொடுத்தால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென் மண்டல அமர்வு சென்னையில்தான், கர்நாடகமும் அதற்குள் அடக்கம்.

அப்புறம் அந்த புளோயர். ராத்திரி முழுக்க நிறுத்தினால் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் சாகத் தொடங்கும். காலையில் போட்டாலும் பாதி வேலைதான் நடக்கும். செயலாளரை லிஃப்டுக்குள்ளேயே பிடியுங்கள்.

காவிரிக்கணக்கு:

இரண்டு மாநிலம் என்றாலே நம்மவர்களுக்கு டி.எம்.சி. கணக்குத்தான். 2018 காவிரித் தீர்ப்பில் பெங்களூர் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கிடைத்தது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று அதற்கு முன் நடுவர் மன்றம் கணக்குப் போட்டிருந்தது. மிச்ச நகரத்தில் பெரும்பகுதி சரிவது தென்பெண்ணைப் பக்கம். காவிரித் தண்ணீரை 100 கி.மீ. தூரத்திலிருந்து மேலே ஏற்றிக் குடித்துவிட்டு, அழுக்காக்கி இன்னோர் ஆற்றில் விடுகிறோம். தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய யார்கோள் அணை வழக்கும் எவ்வளவு தண்ணீர் என்ற சண்டைதான். எப்படிப்பட்ட தண்ணீர் என்று எங்கே பேசினார்கள்?

உருகுவே ஆற்றங்கரையில் உருகுவே நாடு அனுமதித்த காகிதக்கூழ் ஆலையை எதிர்த்து அர்ஜென்டினா சர்வதேச நீதிமன்றம் வரை போனது. எல்லை தாண்டிப் பாதிப்பு வரக்கூடும் என்றால் முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும் என்று 2010-இல் அந்த நீதிமன்றம் சொன்னது. அது இரண்டு நாடுகளுக்கு. இங்கே ஒரே நாடு, ஒரே அமைச்சகம். 1974 நீர்ச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் அண்டை மாநிலங்கள் சேர்ந்து கூட்டு வாரியமே அமைக்கலாம் என்று இருக்கிறது. தென்பெண்ணைக்கு அப்படி ஒன்று இருந்தால் இந்த அக்கா இங்கே வந்து கேட்டிருக்க மாட்டார்.

கோலார்க்காரன்:

அடிக்க வராதீர்கள், நான் கர்நாடகப் பக்கம். தாத்தா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி, இப்போது நாங்கள் கோலாரில். 2018-இல் பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து சுத்திகரித்த தண்ணீரை எங்கள் ஏரிகளுக்கு விட்டார்கள். முதல் கட்டத்துக்குத் திட்டமிட்டது நாளைக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரி. லட்சுமிசாகரா ஏரியில் முதலில் நுரைதான் வந்தது, வழக்கும் வந்தது. ஆனால் ஆயிரம் அடி போர்வெல் போட்டும் வெறும் புழுதிதான் வந்த இடத்தில் இன்று மாமா மோட்டார் ஓட்டுகிறார். பாஸ்பேட் போன்றவற்றையும் நீக்கும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று எங்கள் ஊரிலும் போராடுகிறார்கள், அது நியாயம். ஆனால் கோடையில் உங்கள் ஆற்றில் ஓடுவதே பெரும்பாலும் நகரத்துத் தண்ணீர்தான். அது எல்லாவற்றையும் எங்களுக்குத் திருப்பிவிட்டால் உங்கள் அப்பா சம்மதிப்பாரா?

வர்த்தூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கோலார்த் தம்பியின் கேள்வியை அப்பாவிடம் அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தண்ணி வேணும்மா, நுரைதான் வேண்டாம்" என்றார். இதையும் கடிதத்தில் சேர்க்கிறேன். சுத்தம் செய்த தண்ணீரில் கோலாருக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்றும் யாராவது சேர்ந்து உட்கார்ந்து பார்க்கத்தானே வேண்டும்.

மண்மாதிரி சார் சொன்ன கேள்விகளை நான் கன்னடத்தில் எழுதுகிறேன். அப்பா தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார், போடட்டும். வாய்க்கால்காரர்கள் இன்னும் பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன். திங்கள் காலை தபால்.

லிஃப்ட் விஷயம் தனியாகச் சொல்கிறேன்.