மலாவில சந்தகை சாப்பிட்டா ஊழியம் கெட்டுப்போயிருமா?

நொய்யல்கரை:
எங்க சித்தப்பா பொண்ணும் மாப்ளையும் ஆப்பிரிக்கால மலாவி நாட்டுல மிஷனரியா இருக்கறாங்க, ஈரோட்டுப் பக்கம் நாலஞ்சு சபைக்காரங்க காணிக்கைல தான் போயிருக்கறாங்க. போன கிறிஸ்துமஸுக்கு அவங்க வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வெச்ச போட்டோ தான் இப்ப எங்க குரூப்புல சண்டை. சந்தகை (இடியாப்பம் மாதிரி), தேங்காப்பால், கோழிக்கொழம்பு, தட்டு நெறைய கச்சாயம்னு வெல்லப் பலகாரம், சுத்தி ஊட்டாளுங்க நாலு பேரு மட்டும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அங்க பஞ்ச காலமுங்க, வெச்சிருந்த மக்காச்சோளம் தீந்துபோயிருக்கும், அடுத்த அறுப்பு ஏப்ரல் வாக்குல தான். அந்த நேரத்துல இந்த விருந்து தேவையா? என்னைக் கேட்டா தேவையில்ல.

தாராபுரத்தக்கா:
ஏனுங் தம்பி, அந்த நாலு பேர்ல ரெண்டு குழந்தைங்கன்னு ஏன் சொல்லல? வருசம் பூரா அதுங்க ன்சீமா தான் சாப்பிடுதுங்க, மக்காச்சோள மாவுல கிண்டறது, நம்மூரு களி மாதிரி தான். பண்டிகை நோம்பி அன்னைக்கு ஒரு நாள் அம்மாவப் பெத்த அமுச்சி கைப்பக்குவத்துல ஏதோ செஞ்சு குடுத்தா அது குத்தமா? ஒறம்பரை ஒருத்தர் கிடையாது, அந்த வாசனையாச்சும் இருக்கட்டுமே.

காங்கயம்காளை:
அக்கா, காணிக்கை போடறது யாருன்னு பாருங்க. பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்டைம் பாக்கறவங்க. அவங்க ஊட்ல கிறிஸ்துமஸுக்கு கால் கிலோ கறி எடுக்கறதே யோசனை. உங்க முன்னால வைக்கறத சாப்பிடுங்கன்னு தான் லூக்கா 10ல இயேசு சீஷருங்களுக்கு சொல்லி அனுப்பறாரு, பொட்டில சந்தகை மிஷின தூக்கிட்டுப் போங்கன்னு இல்லீங்க. இத்தாலில இருந்து 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பாதிரியார் கறியே வேண்டாம்னு உட்டுட்டு இந்த ஊரு சோத்தத் தின்னாரு, 1623ல சேலம் வரைக்கும் வந்தாரு. அது ஊழியம்.

சத்திரோடு:
நொபிலிய நீங்களே இழுத்துட்டீங்க, நல்லதாப் போச்சு. பிராமண சமையல்காரர் சமைச்சத சாப்பிட்டாரு, ஏற்கெனவே அங்க சபை வெச்சிருந்த பெர்னாண்டஸ் பாதிரியார் கூடவும் கடலோர மீனவங்களான பரதவ கிறிஸ்தவங்க கூடவும் ஒட்டுக்கா இருக்காம தனியா வீடு எடுத்துப் போயிட்டாரு. அவரு என்ன சாப்பிட்டாருன்னு பெருமையா சொல்றோம், யாரு கூட உக்காரலன்னு பேசமாட்டோம். நம்மூர்ல அது இன்னைக்கும் பெரிய விஷயம், யாரு ஊட்டு நோம்பிக்கு யாரு போய் கை நனைப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்பறம் லண்டன் மிஷன் பாதிரியார் ஆடிஸ் கோயமுத்தூருக்கு வந்தது 1830ல, அதுக்கப்பறம் எத்தனை துரைமாருங்க வந்தாங்க, ஈரோட்டு பிரப் ரோடே ஆஸ்திரேலியா மிஷனரி ஒருத்தர் பேரு தான். அவங்க நாட்டுப் பண்டிகைச் சாப்பாட்ட அவங்க உட்டிருந்தா இன்னைக்கு நீங்க 24ந்தேதி பேக்கரி வாசல்ல பிளம் கேக்குக்கு நின்னிருக்க மாட்டீங்க. அவங்க கேக் கொண்டுவந்தா பாரம்பரியம், நம்ம புள்ளைங்க கச்சாயம் கொண்டுபோனா ஆடம்பரமா?

காங்கயம்காளை:
அந்தத் துரைமாருங்க பங்களால இருந்தாங்க, பல்லக்குல போனாங்க, அதையும் பாரம்பரியம்னு காப்பி அடிக்கலாமா? 😀

பிளான்டயர்ரிட்டன்:
மலாவில கொஞ்ச காலம் வேலைல இருந்தவன், அதனால ஒண்ணு சொல்லிக்கறேன். அங்க கிறிஸ்துமஸ்னாலே சோறும் கோழியும் தானுங்க, வருசம் பூரா ன்சீமா திங்கற ஊட்டுல கூட அன்னைக்கு எப்படியாச்சும் அரிசி வாங்கிருவாங்க. நம்மூர்ல முன்னாடி கம்பும் களியும் தின்னுட்டு நோம்பிக்கு மட்டும் நெல்லுச்சோறு ஆக்குனாங்கல்ல, அதே கதை. அதனால அரிசியும் கோழியும் பாத்து அந்த ஊருக்காரங்க யாரும் மொகம் சுளிக்க மாட்டாங்க. துவரையும் அங்கயே வெளையுது, நந்தோலோன்னு சொல்லுவாங்க, இந்தியாவுக்கே கப்பல்ல வருது, அதுல அரிசிபருப்பு சோறு ஆக்கிப் பக்கத்து ஊட்டுக்காரங்களுக்குக் குடுத்திருக்கறேன், ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. தேங்கா தான் கஷ்டம், கடலே இல்லாத நாடு, ஏரிக்கரைப் பக்கம் தான் கொஞ்சம் மரம் இருக்கும்.

நொய்யல்கரை:
சரிங்க, அப்ப பக்கத்து ஊட்டுக்காரங்கள ஏன் கூப்பிடல? நான் போன்லயே கேட்டேன். மத்தியானம் ஊட்டாளுங்க மட்டும் சாப்பிட்டாங்களாம், பொழுதோட சர்ச்சுல எல்லாருக்கும் சோறு கோழி போட்டாங்களாம். அப்ப அந்த போட்டோவ வெச்சிருக்கலாமில்ல?

தாராபுரத்தக்கா:
அதத் தான் நான் ஒத்துக்கவே மாட்டேன். ஏழைங்க கையில தட்டக் குடுத்து போட்டோ எடுத்து அனுப்புனா உங்களுக்கு திருப்தி, காணிக்கையும் கூடும். ரெண்டு குழந்தைங்க சிரிச்சுட்டு சந்தகை சாப்பிடற போட்டோ கண்ணுக்கு உறுத்துது. நம்ம ஆயர் ஊட்டுக்கு கிறிஸ்துமஸுக்கு எத்தனை தூக்குப்போசி பிரியாணி போகுது, ஒரு ஆளு கணக்கு கேட்டிருக்கறீங்களா?

சத்திரோடு:
அக்கா 👏👏

காங்கயம்காளை:
ஆயர் ஊட்டுக்குப் போறது ஆளாளுக்கு ஆசையாக் குடுக்கறது, இது உண்டியல்ல விழுந்த காசு, ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. ஊட்டுக்குள்ள சாப்பிட்டுக்கட்டும், நான் தட்டைப் பறிக்கல. ஸ்டேட்டஸ்ல போட்டா காசு குடுத்தவன் பாப்பான், பாத்தா கேப்பான். இந்த வருசம் என் பங்க மக்காச்சோளம் வாங்கிக் குடுக்க மட்டும்னு எழுதித் தான் அனுப்பப் போறேன்.

தாராபுரத்தக்கா:
தாராளமா அனுப்புங்க. நான் தேங்காப்பால் பவுடர் பாக்கெட் ரெண்டு கிலோ பார்சல் போடறேன், கச்சாயத்துக்கு வெல்லமும் சேத்து. ரிட்டன் தம்பி, அங்க கஸ்டம்ஸ்ல வெல்லம் உடுவாங்களா?

பிளான்டயர்ரிட்டன்:
பவுடர் ஓகேங்கா, கம்பெனி பாக்கெட்டு பிரிக்காம அப்படியே வெச்சிருங்க. வெல்லத்த உட்டுருங்க, அங்க கரும்பு ஏகத்துக்கு, நாட்டுச்சக்கரை நெறத்துல பிரவுன் சுகர் கடைலயே கெடைக்கும்.