மோஹோ 38 கிலோமீட்டரிலா, 43-லா? ரிசீவர் ஃபங்ஷனில் இரண்டு விடை

சேலத்துக்கு அருகே சார்னக்கைட் பாறை மேல் வைத்த ஒரே ஒரு பிராட்பேண்ட் நிலநடுக்கப் பதிவு நிலையம். தொலைதூர நிலநடுக்க அலைகளை வைத்து நிலையத்துக்குக் கீழுள்ள அடுக்குகளைக் கணிக்கும் ரிசீவர் ஃபங்ஷன் முறையில், மோஹோவின் (பூமியின் மேலோடும் அதன் கீழுள்ள மேன்டிலும் சந்திக்கும் எல்லை) ஆழத்தைத் தேடுகிறேன். 14 மாதத் தரவு. 30 முதல் 90 டிகிரி தூரத்தில், 5.5 அளவுக்கு மேற்பட்ட 62 நிலநடுக்கங்கள் தேறின. பி அலைக்கு 4.9 நொடி கழித்து மோஹோவில் மாறிவரும் எஸ் அலை பளிச்சென்று தெரிகிறது. அதில் சிக்கல் இல்லை.

மேலோட்டின் தடிமனையும் (எச்) பி, எஸ் அலை வேகங்களின் விகிதத்தையும் (கப்பா) சேர்த்துத் தேடும் எச்-கப்பா ஸ்டாக்கிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். 38 கி.மீ. ஆழம், 1.80 விகிதம் என்று ஓர் உச்சம், 43 கி.மீ., 1.70 என்று ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொன்று. முதலாவது சரி என்றால் மேலோடு மொத்தத்தில் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறை, இரண்டாவது என்றால் சிலிக்கா மிகுந்தது. கதையே மாறிவிடும்!

காஸியன் வடிகட்டியின் அளவை 2.5-லிருந்து 1.0 வரை குறைத்துப் பார்த்தேன். ஸ்டாக்கிங்கில் மாறிவரும் எஸ் அலைக்கும் இரண்டு எதிரொலி அலைகளுக்கும் தரும் எடைகளை 0.6, 0.3, 0.1-லிருந்து 0.4, 0.3, 0.3 ஆக்கினேன். பி அலை வேகத்தை நொடிக்கு 6.3 முதல் 6.6 கி.மீ. வரை மாற்றினேன்; ஆழம் கொஞ்சம் நகர்ந்ததே தவிர இரண்டு உச்சமும் அப்படியே நிற்கின்றன. மோஹோவுக்கும் தரைக்கும் இடையே எதிரொலித்து வரும் பின் அலைகள் மங்கல். பெரும்பாலான நடுக்கங்கள் ஜப்பான், சுலவேசி பக்கம். மேற்கிலிருந்து ஐந்தே ஐந்து. அலை வரும் திசைக்குக் குறுக்கான பதிவிலும் (குறுக்குக் கூறு) ஆற்றல் தெரிவதால் மோஹோ சாய்ந்திருக்குமோ என்றும் சந்தேகம்.

வேறு நிலையம் வைக்க வழியில்லாத நிலையில், இந்த இரண்டு உச்சங்களில் எது உண்மை என்று பிரித்தறிய நீங்கள் என்ன செய்வீர்கள்?