89 மாடல் புல்லட், 14 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு: இன்ஜினைப் பிரிக்கணுமா வேணாமா?

டுபுடுபு89:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா வண்டி ஒண்ணு கைக்கு வந்திருக்கு, 1989 மாடல் புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின், நாலு கியர், வலது கால்ல கியர் இடது கால்ல பிரேக். மீட்டர்ல 14,200 காட்டுது, கேபிள் அறுந்துபோய் ஓடின கதையெல்லாம் இல்ல, நிஜமாவே அவ்ளோதான் ஓடியிருக்கு. அவரு வேலைக்கு நடந்தே போற ஆளு, ஞாயித்துக்கிழமை ஆனா துடைக்கிறதுக்குன்னே வண்டி வெச்சிருந்த மாதிரி இருக்கும். கடைசி ஒம்பது வருஷம் தார்ப்பாய் போட்டு திண்ணை ஓரமா நின்னுச்சு.

எனக்கு ஆசை என்னன்னா இதுல திருச்சியிலேர்ந்து ராமேஸ்வரம், கொடைக்கானல்னு தூரமா போகணும், இன்னும் இருவது வருஷம் இன்ஜின் நிக்கணும். மெக்கானிக்கிட்ட காட்டினேன், அவரு வண்டிய ஸ்டார்ட் கூட பண்ணிப் பாக்கல, இன்ஜினை இறக்கி போர் பண்ணி (சிலிண்டர் துளையைக் கடைஞ்சு பெருசாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன், ரோலர் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கோட சேர்ற எடத்து பேரிங்), பெரிய ஆயில் பம்ப், எலக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் போட்டுடலாம், 45,000 ஆகும்ங்கிறாரு. காசு புரட்டிடலாம், ஆனா இவ்ளோ கம்மியா ஓடின இன்ஜினைப் பிரிக்க மனசு வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவைலேத்:
தம்பி, அந்த 45,000 இப்போதைக்கு பீரோவுலயே இருக்கட்டும். 14 ஆயிரத்துல தேய்மானம் பெருசா இருக்காது, உங்க வண்டிக்கு இருக்கறது நின்ன கோளாறு. ஓடித் தேஞ்சது வேற, நின்னு கெட்டது வேற, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

முதல்ல கிக் அடிக்காதீங்க. இந்த இன்ஜின்ல ஆயில் டேங்க் தனியா கிடையாது, கிராங்க் கேஸோட சேர்ந்தே வார்த்திருப்பாங்க. வருஷக்கணக்கா நின்னா ஆயில் பம்ப் வழியா மெதுவா கசிஞ்சு ஃப்ளைவீல் இருக்கற அறைக்குள்ள இறங்கிடும். டேங்க்ல லெவல் கம்மியா இருக்கேன்னு நீங்க மேல ஊத்துவீங்க, ஸ்டார்ட் பண்ணா தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, ப்ரீதர் (இன்ஜின் காத்து வெளிய போற குழாய்) வழியா ஆயில் கக்கும், உடனே மெக்கானிக் பிஸ்டன் ரிங் போச்சும்பாரு. ரிங் எங்கயும் போயிருக்காது. அதனால அடியில இருக்கற ட்ரெயின் போல்ட் எல்லாத்தையும் கழட்டி டேங்க், கிராங்க் அறை ரெண்டையும் வடிச்சிடுங்க, டைமிங் கவர்ல இருக்கற ஃபெல்ட் ஃபில்டரை மாத்துங்க, பழசு களிமண் மாதிரி ஆகியிருக்கும்.

அப்புறம் ப்ளக்கைக் கழட்டி ரெண்டு ஸ்பூன் ஆயில் போருக்குள்ள விட்டு ஒரு ராத்திரி விட்டுடுங்க. பேரல், அதாவது சிலிண்டர், இரும்பு, மழைக்காலத்து ஈரத்துல ரிங் நின்ன எடத்துல துரு வளையம் விழுந்திருக்கும், காஞ்ச நிலையில சுத்துனா ரிங் அந்தத் துருவுல உரசும். மறுநாள் ப்ளக் போடாம கையால கிக்கரை மெதுவா அழுத்தி சுத்திப் பாருங்க, புது ஆயில் ஊத்துங்க, டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடற லீவர்) பிடிச்சிட்டு இருவது முப்பது தடவ கிக்கரை மிதிங்க, அதுக்கப்புறம்தான் சாவி. 20டபிள்யூ50 சாதா மினரல் ஆயில் போதும், விலை ஒசந்த சிந்தெட்டிக் இதுக்கு வேஸ்ட்.

கிக்கர்கால்:
அண்ணன் சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன், பாதிக்கு மாட்டேன். பழைய 350ல பிக் எண்ட் ஃப்ளோட்டிங் புஷ் (ரோலர் இல்லாத வெறும் உலோக வளையம்), அது ஆயில் படலத்து மேல மிதக்கணும், ஒரு நிமிஷம் ஆயில் தவறுனா கதை முடிஞ்சது. என் 94 மாடல் விழுப்புரம் தாண்டி பைபாஸ்ல 90ல போயிட்டிருந்தப்ப டக் டக்னு ஒரு சத்தம், மரக்கதவ யாரோ தட்டுற மாதிரி. டேப்பட்னு நெனச்சு இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டேன். பிரிச்சுப் பாத்தா கிராங்க் பின் நீலமா வெந்து போயிருக்கு. அதுக்கப்புறம் நீடில் ரோலர் போட்டேன், ஏழு வருஷமா சத்தம் இல்ல. தூரமா போற ஆளு இப்பவே போட்டுக்கறது நல்லது, நடு ரோட்டுல டாட்டா ஏஸ்ல ஏத்திட்டு வர்ற வலி எனக்குத்தான் தெரியும்.

கோவைலேத்:
கிக்கர்கால் தம்பி, உங்க புஷ் தானா சாகல, ஆயில் வராம செத்துது. அந்தப் பம்ப்பை அப்படியே விட்டுட்டு ரோலர் போட்டா அது இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும், அவ்ளோதான். ரோலர் வேணாம்னு நான் சொல்லல, கிராங்க்கைப் பிரிக்க வேண்டி வந்தா கண்டிப்பா ரோலரே போடுங்க. ஆனா நல்லா இருக்கற கிராங்க்கைப் பிரிச்சு திரும்ப சேக்கறப்ப ரெண்டு ஃப்ளைவீலும் நேர் வரணும், டயல் கேஜ் வெச்சு முள்ளு ஆடாத வரைக்கும் செம்புச் சுத்தியால தட்டித் தட்டி எடுக்கற லேத்காரர் எல்லா ஊர்லயும் இல்ல. கண்ணால பாத்து சரியாயிடுச்சுன்னு குடுக்கறவங்க நெறைய, அந்த வண்டிங்க ஹேண்டில் பார்ல கை மரத்துப் போற அளவுக்கு அதிரும்.

சந்தேகமா இருந்தா ஹெட்டையும் பேரலையும் மட்டும் தூக்குங்க, பெட்ரோல் டேங்க்கை எறக்குனா போதும், இன்ஜினை ஃப்ரேம்லேர்ந்து எறக்க வேணாம். கனெக்டிங் ராடைப் பிடிச்சு மேல கீழ இழுங்க. பக்கவாட்டுல ஆடினா பயப்படாதீங்க, அது இருக்க வேண்டிய ஆட்டம். மேல கீழ டொக்குனு ஒரு சின்ன ஆட்டம் தட்டுப்பட்டாலும் அப்ப பேசலாம்.

போர் பண்ற கதைக்கு வர்றேன். பேரல் இரும்பு, பிஸ்டன் அலுமினியம், சூடானா பிஸ்டன் அதிகமா விரியும். டைட்டா வெச்சா லைஃப் வரும்னு நெனச்சு இடைவெளிய கொறைச்சு போர் பண்ணிக் குடுப்பாங்க, மே மாச வெயில்ல இருவது கிலோமீட்டர் போனதும் பிஸ்டன் புடிச்சுக்கும். நல்லா இருக்கற கம்பெனி போரைக் கெடுத்து இந்த ரிஸ்க்கை ஏன் வாங்கணும்? துரு கோடு நகத்துல தட்டலன்னா லேசா ஹோனிங் (உள்சுவரை மெல்லிசா தேய்க்கறது), புது ரிங், போதும்.

காசு போட்டே ஆகணும்னா ஆயில் பம்ப்புல போடுங்க. டைமிங் கவரைக் கழட்டினாலே கைக்கு வந்துடும், கேஸைப் பிரிக்க வேணாம். பம்ப் டிஸ்க் உக்கார்ற எடத்தை வால்வ் பேஸ்ட் வெச்சு தேய்ச்சு, முழு வட்டமும் ஒரே சாம்பல் நெறமா வர்ற வரைக்கும் விடக்கூடாது, அப்புறம் பேஸ்ட் துளி கூட இல்லாம பெட்ரோல்ல கழுவணும். கவரை மூடறதுக்கு முன்னாடி கிராங்க் நுனிக்கு ஆயில் போற எடத்துல இருக்கற சின்ன சீலை மாத்துங்க. விலை டீ காசு, ஆனா அது காஞ்சு சுருங்கியிருந்தா பம்ப் எவ்ளோ பெருசா இருந்தாலும் பிக் எண்டுக்கு ஆயில் ஒழுங்கா போகாது.

டுபுடுபு89:
அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். கிராங்க் அறைலேர்ந்து மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வந்துச்சு, தார் மாதிரி கருப்பு! ஃபில்டரை வெளிய எடுத்தா கையோட பிஞ்சு வருது. சீல் கல்லு மாதிரி, நகத்தால அழுத்துனா ஒடஞ்சு போச்சு. பேரலைத் தூக்கினோம், ராட் மேல கீழ ஆட்டமே இல்ல. போர்ல மேல ஒரு பழுப்பு வளையம், நகத்துல தட்டல. ரிங் மாத்தி மூடிட்டோம், நேத்து சாயங்காலம் ஆம்பியர் முள்ளு பாத்து மிதிச்சேன், மூணாவது கிக்ல புடிச்சுக்கிச்சு, பெரியம்மா உள்ளேர்ந்து ஓடி வந்து வாசல்ல நின்னுட்டாங்க, ஒண்ணும் பேசல. ராக்கருக்கு (ஹெட்ல வால்வை அழுத்தற கை) ஆயில் போற பைப் போல்ட்டை லேசா தளர்த்திப் பாத்தேன், ஆயில் கசிஞ்சு வருது. எலக்ட்ரானிக் இக்னிஷனும் 17 பல் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடற முன் பல்சக்கரம்) போடலாமா?

கிக்கர்கால்:
ஸ்ப்ராக்கெட் போடுங்க, 16லேர்ந்து 17 ஆச்சுன்னா அதே ஸ்பீடுக்கு இன்ஜின் கம்மியா சுத்தும். 90 மில்லி ஸ்ட்ரோக், 5,000 ஆர்பிஎம்ல பிஸ்டன் சராசரியா செகண்டுக்கு 15 மீட்டர் ஓடுது, அந்தக் காலத்து டிசைனுக்கு அது அதிகம். ஆனா கொடைக்கானல் ஏத்தத்துல மூணாவது கியருக்கு அடிக்கடி எறங்க வேண்டி வரும், அதையும் யோசிச்சுக்கோங்க. அப்புறம் பெட்ரோல் டியூப், கார்ப் ரப்பரையெல்லாம் மாத்திடுங்க, இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. என் புஷ் விஷயத்துல அண்ணன் சொன்னது சரிதான், அப்ப பம்ப்பை நான் பாக்கவே இல்ல.

கோவைலேத்:
இக்னிஷன் அவசரம் இல்ல. பாயின்ட் (ஸ்பார்க் வர வைக்கற கான்டாக்ட்) இடைவெளி 0.35லேர்ந்து 0.40 மில்லிக்குள்ள வைங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற, வேகத்துக்கு ஏத்தபடி ஸ்பார்க்கை முன்ன தள்ளற அட்வான்ஸ் வெயிட்டு ரெண்டும் ஸ்ப்ரிங்கோட தாராளமா ஆடுதான்னு பாருங்க, ஒம்பது வருஷத்துல கிரீஸ் காஞ்சு ஒட்டியிருக்கும், ஒட்டியிருந்தா டைமிங் பின்னாடியே நிக்கும், சைலன்சர் நீலமாகற அளவுக்கு சூடேறும். முதல் 500 கிலோமீட்டர் 50ஐ தாண்டாதீங்க, அப்புறம் ஆயிலை வடிச்சிட்டு புதுசு ஊத்துங்க. வடிச்ச ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்திப் பாத்து ஒரு ஃபோட்டோ போடுங்க, உலோகத் தூள் மினுமினுப்பு எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு ராமேஸ்வரம் எப்பன்னு சொல்றேன்.