செட்டுக் காசெல்லாம் என் சேமிப்புக் கணக்கில் வருகிறது. எப்படிப் பிரிப்பது?

சேரன்மாதேவி நாதஸ்வரம்:

எல்லாருக்கும் வணக்கம். நையாண்டி மேளச் செட்டு நடத்துகிறேன். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஏழு பேர். சித்திரை தொடங்கி ஆடி வரை கோவில் கொடைத் திருவிழா ஓயாது. புரட்டாசியிலும் மார்கழியிலும் போனே அடிக்காது. அச்சாரமும் பாக்கியும் பெரும்பாலும் என் சேமிப்புக் கணக்குக்குத்தான் வரும். ஆள் சம்பளம், வேன் வாடகை போக மிச்சம் எனக்கு. வீட்டு மளிகையும் அதே கணக்கில்தான்.

திருநெல்வேலியில் ஒரு கம்பெனி விழாவுக்குக் கரகமும் சேர்த்து 84,000 ரூபாய் பேசினோம். வந்தது 75,600. கேட்டால் டிடிஎஸ், அதாவது வரிக்காக முன்கூட்டியே பிடித்தது என்றார்கள். ஆட்களுக்குப் பேசியதைக் குறைக்க மனசு வரவில்லை. 8,400 ரூபாயும் என் பங்கில்தான் விழுந்தது. அடுத்த வாரம் வங்கியிலிருந்து போன்: தொழில் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வாங்கக் கூடாதாம். வேன் வாங்கக் கடன் கேட்டால் வருமான வரி ரிட்டர்ன் எங்கே என்கிறார்கள். நான் இதுவரை தாக்கல் செய்ததே இல்லை. போன வருஷம் கணக்கில் வந்தது 9 லட்சத்துக்கு மேல். அத்தனைக்கும் வரி கட்ட வேண்டுமா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாளை கணக்கர்:

அண்ணாச்சி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த 8,400 எங்கும் போகவில்லை. கம்பெனி அதை உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இல்லை என்றால் உடனே கம்பெனியின் கணக்குப் பிரிவைப் பிடியுங்கள்.

வந்த தொகை முழுவதும் உங்கள் வருமானம் இல்லை. ஆள் சம்பளம், வேன், நாதஸ்வரத்துக்குச் சீவாளி வாங்கியது, தவிலுக்குத் தோல் மாற்றியது எல்லாம் போக நிற்பதற்குத்தான் வரி. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அதற்கு மேல் போனாலும், 12 லட்சம் வரை தள்ளுபடியில் கழிந்துவிடும். ஆனால் செலவுக்கு ஆதாரம் வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். பங்கை யுபிஐயில் போட்டுவிடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி தவில்:

அண்ணே, நானும் இப்படித் தவித்தவன்தான். சாமக்கொடை முடிந்து விடியப்போகிற நேரத்தில் கமிட்டிக்காரர் மஞ்சப்பையைத் திறந்து கொடைக்காக ஊரில் வசூலித்த ஊர்வரிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். பாதி பத்தும் இருபதுமாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

இப்போது தவில் உறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஊர், கோவில், பேசியது, அச்சாரம், பாக்கி. பணம் கைமாறும்போதே கமிட்டிக்காரர் கையெழுத்து. வேனில் ஏறுவதற்கு முன்னால் ஆளாளுக்குப் பங்கு எழுதி அவர்கள் கையெழுத்து. சட்டையில் ஊக்கு வைத்துக் குத்துகிற நோட்டுகளையும் எழுதுகிறேன், அதுவும் தொழிலில் வந்த காசுதானே. என் பங்கில் பத்தில் ஒரு பகுதி அன்றைக்கே வேறு கணக்குக்குப் போய்விடும். மார்கழிக்கு அதுதான் சோறு போடுகிறது.

செட்டில் யாராவது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாமல் இருந்தால் பதியச் சொல்லுங்கள். ஓடியாடுகிற வயதில் நம் ஆட்கள் அதை நினைப்பதே இல்லை.

சேரன்மாதேவி நாதஸ்வரம்:

தம்பி, ரொம்ப நன்றி. சார், வங்கியில் தொழிலுக்கான கரண்ட் அக்கவுண்ட் கேட்டால் கடை எங்கே, போர்டு எங்கே என்கிறார்கள். எனக்கு ஏது கடை? ஜிஎஸ்டியும் வருமா?

பாளை கணக்கர்:

உத்யம் பதிவு செய்யுங்கள், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு அது. அரசு இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழோடு வங்கிக்குப் போங்கள். கூட ஒரு சான்று கேட்டால் எது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் அக்கவுண்டில் வட்டி கிடையாது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், போன் அடிக்காத மாதங்களில் அதுவே அபராதமாக வந்து நிற்கும்.

சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அதிலும் நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்கும் தொகை 1.5 லட்சத்துக்குள் இருந்தால் விலக்கு உண்டு. அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

சேரன்மாதேவி நாதஸ்வரம்:

26ஏஎஸ் பார்த்துவிட்டேன் சார், 8,400 இருக்கிறது! நோட்டும் வாங்கிவிட்டேன், என் மகள் கோடு போட்டுக் கொடுத்தாள். ஆனால் போன வருஷத்துச் சம்பளத்துக்குக் கையெழுத்தே இல்லையே?

பாளை கணக்கர்:

யுபிஐயில் போனது வங்கி அறிக்கையில் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்ததற்கு, உண்மையில் கொடுத்த தொகையை மட்டும் எழுதி இன்றைய தேதியில் கையெழுத்து வாங்குங்கள். பழைய தேதி போடவே வேண்டாம்.

சேரன்மாதேவி நாதஸ்வரம்:

சரி சார். நாலு பேர் உள்ளூர்தான். இரண்டு பேர் கடையத்தில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போய் வாங்கிவிடுகிறேன்.